புத்தக அலமாரியில் வைக்கக் கூடாத ஸ்பீக்கர்

அக்கா மகன் போன தீபாவளி போனஸில் ஒரு ஜோடி சின்ன ஸ்பீக்கர் வாங்கினான். வாங்கிய மறுநாளே போன் வந்தது. "மாமா, கடையில கேட்டப்ப நல்லாத்தான் இருந்துச்சு. வீட்ல கிணத்துக்குள்ள உக்காந்து பாடுற மாதிரி இருக்கு. மாத்திக் கேக்கலாமா?"

எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். டி.வி. ஷோகேஸில், கொலு பொம்மைகளை ஓரங்கட்டிவிட்டு, இரண்டாம் தட்டில் வைத்திருக்கிறானாம். "புக் ஷெல்ஃப் ஸ்பீக்கர்னுதானே மாமா போட்டிருக்கு?"

ஞாயிற்றுக்கிழமை போனேன். சமையலறையில் அரிசி டப்பா வைத்திருந்த ஸ்டூல் ஒன்று, பால்கனியில் துளசித் தொட்டி வைத்திருந்த ஸ்டூல் ஒன்று, இரண்டும் ஒரே உயரம். அவற்றைச் சுவரிலிருந்து ஒன்றரை அடி முன்னால் இழுத்து, ஆறடி இடைவெளியில் போட்டு, மேலே பெட்டிகளை ஏற்றினோம். அதே பாட்டைத் திரும்பப் போட்டான். சோபாவில் உட்கார்ந்தவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இந்த வீணை இவ்வளவு நேரம் எங்க மாமா இருந்துச்சு?" என்றான்.

பெயர்தான் அவனை ஏமாற்றியிருந்தது. அந்தப் பெயர் பிறந்தது 1950-களின் அமெரிக்காவில். அதற்கு முன் நல்ல பேஸ் வேண்டுமென்றால் பீரோ அளவுக்குப் பெட்டி செய்ய வேண்டும். 1954-இல் எட்கர் வில்ச்சர் தன் அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனத்தின் முதல் ஸ்பீக்கரைக் கொண்டுவந்தார். பெட்டியைக் காற்றுப் புகாமல் மூடி, உள்ளே அடைபட்ட காற்றையே, பேஸ் தரும் வூஃபருக்கு ஸ்பிரிங்காக்கியதுதான் அவர் செய்த வேலை. அதனால் சிறிய பெட்டியிலிருந்தே ஆழமான பேஸ் கிடைத்தது. சில வருஷத்தில் ஸ்டீரியோ இசைத்தட்டு வந்துவிட்டது; அதற்கு இரண்டு ஸ்பீக்கர் வேண்டும். ஹாலில் ஒரு பீரோவைச் சகித்துக்கொண்ட வீட்டுக்காரம்மா இரண்டாவதைச் சகிப்பாரா? சின்னப் பெட்டிக்கு மவுசு கூடியது. அலமாரியில்கூட வைத்துவிடலாம் என்று விளம்பரம் பேசியது. அந்த 'சின்னப் பெட்டி' எவ்வளவு சின்னது என்றால், 1958-இல் வந்த ஏ.ஆர்.3 என்ற மாடல் 25 அங்குல உயரம், ஏறக்குறைய 24 கிலோ. நம் ஷோகேஸில் ஏற்றினால் தட்டோடு கீழே வரும்.

இன்று அந்தப் பெயரில் விற்பவை ஒரு அடி, ஒன்றேகால் அடி உயரம்தான். ஆனாலும் அலமாரி அவற்றுக்கு ஆகாது. கீழ் ஸ்தாயி ஒலிகள் குண்டு பல்பின் வெளிச்சம் போல நாலா பக்கமும் பரவும். உச்ச ஒலிகள் டார்ச் வெளிச்சம் போல முன்னால் போகும். பெட்டியைத் தட்டுக்குள் தள்ளினால், பக்கத்திலும் பின்னாலும் போன கீழ் ஒலிகள் பலகையில் மோதித் திரும்பி, முன்னால் வருவதோடு கலந்துகொள்ளும். பேஸ் வீங்கும். பாடுகிறவரின் குரல் கனத்து, வார்த்தைகளின் ஓரம் மழுங்கும். கிணறு என்று அவன் சொன்னது இதைத்தான். போதாக்குறைக்கு, பல பெட்டிகளில் பின்புறம் ஒரு குழாய் வாய் இருக்கும். பெட்டிக்குள் இருக்கும் காற்று அதன் வழியே மூச்சு விட்டுத்தான் பேஸுக்குத் துணை செய்கிறது. பின்பலகையை ஒட்டி வைத்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு பேசுகிற கதை.

அலமாரியைத் தவிர வேறு இடமே இல்லை என்கிற வீடுகளும் உண்டு. அப்படியானால் குழாய் இல்லாமல் முழுக்க மூடிய பெட்டியையோ, குழாய் வாய் முன்பக்கம் இருக்கும் பெட்டியையோ தேடுங்கள். தட்டின் விளிம்புக்கு இழுத்து வையுங்கள். அடியில் ரப்பர் துண்டு, இரண்டு பக்கமும் இடைவெளி தெரியாமல் புத்தகங்கள். பாதிக் குறை போய்விடும்.

பெட்டியை வாங்கும் முன்பே அது நிற்கப்போகும் இடத்தை முடிவு செய்துவிட வேண்டும் என்பது என் கட்சி. பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறார்கள். கடையில் கேட்டது கடையின் ஹாலை. வீட்டில் கேட்கப்போவது உங்கள் ஹாலை.

இனி, சின்னப் பெட்டியால் எது முடியும், எது முடியாது என்று பார்க்கலாம். பெட்டி சிறியதாக இருக்க வேண்டும், பேஸ் ஆழமாக இறங்க வேண்டும், குறைந்த மின்சாரத்தில் உரக்கப் பாட வேண்டும். இந்த மூன்றில் இரண்டைத்தான் கேட்டு வாங்க முடியும். ஸ்பீக்கர் செய்கிறவர்கள் இதை ஹாஃப்மனின் இரும்பு விதி என்பார்கள். ஒலி என்பது காற்றைத் தள்ளுகிற வேலை. சுருதி ஒரு ஸ்தாயி இறங்கினால், அதே சத்தத்தைத் தர வூஃபரின் கோன் நாலு மடங்கு தூரம் முன்னும் பின்னும் போய்வர வேண்டும். 8 அங்குல வூஃபரோடு ஒப்பிட்டால் 5 அங்குல வூஃபரின் பரப்பு பாதிகூட இல்லை. அது எவ்வளவுதான் ஓடும்? கையடக்கப் பெட்டி ஒன்று கடையில் 'கும்'மென்று அதிர்ந்தால் சந்தேகப்படுங்கள். அநேகமாக 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு மேட்டை எழுப்பி, அதைத்தான் பேஸ் என்று காட்டிக்கொண்டிருக்கும். பத்து நிமிஷம் ஜோர்; பத்து நாளில் தலைவலி.

இந்த விதியோடு மல்லுக்கட்டாமல், எதை விட்டுக்கொடுப்பது என்று தெளிவாக முடிவு செய்து செய்யப்பட்ட ஒரு பெட்டி உண்டு. 1970-களில் பி.பி.சி.யின் பொறியாளர்களுக்கு ஒரு சிக்கல். வெளியிடங்களிலிருந்து ஒலிபரப்பும் வேன்களுக்குள் உட்கார்ந்து ஒலியைச் சரிபார்க்க ஒரு ஸ்பீக்கர் வேண்டும். வேனில் இடமில்லை. ஹெட்போனை நம்பி ஒலியைக் கலக்க முடியாது. அவர்கள் உருவாக்கியதுதான் எல்.எஸ். 3/5ஏ. 30 செ.மீ. உயரம், 19 செ.மீ. அகலம், 16 செ.மீ. ஆழம், மூடிய பெட்டி, கெஃப் நிறுவனத்தின் 5 அங்குல வூஃபரும் உச்ச ஒலிகளைத் தரும் சின்ன ட்வீட்டரும். ட்வீட்டரைச் சுற்றிக் கம்பளித் துணி போன்ற ஃபெல்ட் ஒட்டியிருப்பார்கள், பெட்டியின் விளிம்பில் ஒலி பட்டுத் தெறிக்காமல் இருக்க. ஆழமான பேஸ் கிடையாது. உரக்கவும் பாடாது. ஆனால் செய்தி வாசிப்பவர் பேசினால், அந்த மனிதர் எதிரில் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். ரோஜர்ஸ், ஸ்பெண்டார், ஹார்பெத் என்று பல கம்பெனிகள் உரிமம் வாங்கி அதைச் செய்து விற்றன. கெஃப் தன் ஐம்பதாவது ஆண்டுக்காக 2012-இல் கொண்டுவந்த எல்.எஸ். 50-உம் இந்தப் பெட்டியை மனதில் வைத்துப் பிறந்ததுதான்.

அந்தப் பெட்டியில் பேஸ் இல்லை என்று பலருக்குத் தோன்றாததற்குக் காரணம் நம் காது. பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அதோடு கூடவே 82, 123, 164 என்று மேலே மேலே அதன் துணை ஒலிகளும் எழும். சின்ன ஸ்பீக்கர் 41-ஐ விட்டுவிட்டு மற்றவற்றைச் சுத்தமாகத் தந்தால் போதும், மூளை அடிச்சுருதியைத் தானே நிரப்பிக்கொள்ளும். ராஜா பாட்டில் பேஸ் கிட்டார் ஓடுகிற ஓட்டம் நல்ல 5 அங்குல வூஃபரில் ஒவ்வொரு சுரமாகக் கேட்கும். வயிற்றில் அடிக்கிற அந்த அழுத்தம்தான் கிடைக்காது. அது வேண்டும் என்கிறவர்கள் பிற்பாடு ஒரு சப்வூஃபர் சேர்த்துக்கொள்ளலாம்.

கச்சேரி கேட்கிறவர்களுக்கு இன்னும் சௌகரியம். வாய்ப்பாட்டு, வயலின், வீணை, புல்லாங்குழல் எல்லாம் வாழ்கிற இடம் நடுப்பகுதி. சின்ன ஸ்பீக்கரின் பலமும் அங்கேதான். மிருதங்கத்தின் தொப்பியில் கும்கி இழுக்கும்போது மட்டும் கொஞ்சம் இளைத்துத் தெரியும். தவிலை அதன் உண்மையான உருவத்தில் கேட்க வேண்டுமென்றால், தயவுசெய்து கோயிலுக்குப் போங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அறைக்குள் அதைக் கேட்க நினைப்பதே தப்பு.

அறை என்றதும் நம்மூர் வீட்டுக்கு வர வேண்டும். மேலைநாட்டு விமர்சகர் தரைவிரிப்பு போட்ட, மரமும் பிளாஸ்டர் பலகையுமான அறையில் உட்கார்ந்து எழுதுகிறார். நமக்கு நாலு பக்கமும் செங்கல் சுவர், மேலே கான்கிரீட், கீழே டைல்ஸ். ஹாலின் நடுவில் நின்று ஒரு தடவை பளிச்சென்று கை தட்டிப் பாருங்கள். தட்டிய பிறகு 'ட்ர்ர்ங்' என்று ஒரு வால் நீண்டால், ட்வீட்டர் துல்லியமாக இருக்கும் ஸ்பீக்கர் அங்கே காதைக் குத்தும். பவானி ஜமுக்காளம் ஒன்றை ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் நடுவில் விரித்து, ஜன்னலுக்குக் கனமான திரை போட்டுவிட்டு மறுபடி தட்டுங்கள். அந்த ஜமுக்காளத்தின் விலைக்கு இவ்வளவு மாற்றம் தருகிற கருவியை எந்த ஆடியோ கடையிலும் நான் பார்த்ததில்லை. பின்சுவரில் ஒரு புத்தக அலமாரி இருந்தால் ரொம்ப நல்லது. மேடு பள்ளமான புத்தக முதுகுகள் ஒலியைச் சிதறடிக்கும். அலமாரிக்கும் ஸ்பீக்கருக்கும் உள்ள உறவு அதுதான்.

பேஸுக்கும் அறைக்கும் உள்ள சண்டை வேறு வகை. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலை எட்டரை மீட்டர் நீளம், அதாவது 28 அடி. பன்னிரண்டடி அறைக்குள் அது எங்கே போகும்? பன்னிரண்டடிச் சுவர்களுக்கு நடுவே 47 ஹெர்ட்ஸ் பக்கமும், பத்தடிச் சுவர்களுக்கு நடுவே 56 ஹெர்ட்ஸ் பக்கமும் ஒலி மோதி மோதி நின்றுவிடும். சில இடத்தில் பேஸ் இரைச்சலாகவும், இரண்டடி தள்ளி உட்கார்ந்தால் சுத்தமாக இல்லாமலும் போகும். செங்கல் சுவர் அதை உறிஞ்சவும் உறிஞ்சாது. ஆளுயர ஸ்பீக்கரை இந்த அறைக்குள் கொண்டுவந்து அவதிப்படுகிற நண்பர்களை எனக்குத் தெரியும். 60 ஹெர்ட்ஸோடு மெல்ல ஒதுங்கிக்கொள்கிற சின்னப் பெட்டி இந்த வம்பில் பாதியைக் கிளப்புவதே இல்லை. பணம் இல்லாததால் சின்னது வாங்குகிறோம் என்று யாரும் கூச்சப்பட வேண்டாம். அந்த அறைக்கு அதுதான் சரியான அளவு. என்னைக் கேட்டால் 5 முதல் ஆறரை அங்குல வூஃபர். அதற்கு மேல் வேண்டாம்.

அட்டைப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்களில் இரண்டு மூன்றைத்தான் படிக்க வேண்டும். வாட்ஸ் அதில் சேராது. ஒரு காலத்தில் நம்மூர் டேப் ரிக்கார்டர்களில் பி.எம்.பி.ஓ. என்று போட்டு ஆயிரக்கணக்கில் வாட்ஸ் எழுதியிருப்பார்கள், ஞாபகம் இருக்கிறதா? ஒரு கணத்துக்கு வந்துபோவதாகச் சொல்லிக்கொண்ட கற்பனைச் சக்தி அது. ஆர்.எம்.எஸ். வாட்ஸ் நேர்மையான கணக்கு. ஆனால் அதுகூட ஸ்பீக்கர் தாங்கும் அளவைச் சொல்கிறதே ஒழிய, தரத்தைச் சொல்வதில்லை.

பார்க்க வேண்டியது சென்சிடிவிட்டி. ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல் என்பது. சின்ன ஸ்பீக்கர்களில் அநேகமாக 83-இலிருந்து 88-க்குள் இருக்கும். மூன்று டெசிபல் குறைந்தால் ஆம்ப்ளிஃபையரின் சக்தி இரண்டு மடங்கு வேண்டும். 88 டெசிபல் ஸ்பீக்கர் 10 வாட்டில் செய்கிற வேலைக்கு 85 டெசிபல் ஸ்பீக்கர் 20 வாட் கேட்கும். 82 டெசிபல் ஸ்பீக்கர் 40. பயப்பட வேண்டாம். வீட்டில் நாம் வழக்கமாகக் கேட்கிற சத்தத்துக்கு ஒரு வாட்கூடச் செலவாகாது. மிருதங்கம் திடீரென்று தீர்மானம் வைக்கும் இடத்துக்குத்தான் மீதி வாட்ஸ். நல்ல 40, 50 வாட் ஆம்ப் தாராளம். போதாத ஆம்பை முழுக்கத் திருகினால்தான் ஆபத்து. அது திணறி அலையை வெட்டும்; வெட்டிய அலை ட்வீட்டரை எரித்துவிடும்.

அடுத்து ஓம், அதாவது ஸ்பீக்கரின் மின்தடை. 8 அல்லது 6 என்றால் எந்த ஆம்பும் சமாளிக்கும். 4 என்றிருந்தால் ஆம்பின் பின்புறம் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள். '45 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை' என்று போட்டிருந்தால் பக்கத்தில் 'கூட்டல் கழித்தல் 3 டெசிபல்' என்று இருக்கிறதா பாருங்கள். அது இல்லாத எண்ணுக்கு அர்த்தமில்லை.

ஆம்ப் உள்ளேயே இருக்கிற ஆக்டிவ் ஸ்பீக்கர் வாங்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். மேஜையில் கம்ப்யூட்டர் பக்கத்தில் வைக்க, புளூடூத்தில் பாட்டுப் போட, அதைவிடச் சுலபமானது இல்லை. ஆனால் உள்ளே ஒரு போர்டு போனால் மொத்தப் பெட்டியும் மௌனம். சாதா ஸ்பீக்கர் ஒழுங்காக வைத்திருந்தால் இருபது முப்பது வருஷம் உழைக்கும்; ஆம்பை மட்டும் மாற்றிக்கொண்டே போகலாம். அமெரிக்காவிலிருந்து யாராவது ஆக்டிவ் ஸ்பீக்கர் கொண்டுவந்து தருகிறேன் என்றால், பிளக்கில் சொருகும் முன் அது 230 வோல்ட் தாங்குமா என்று பின்புற எழுத்தைப் பார்த்துவிடுங்கள்.

கடைக்குப் போகும்போது உங்களுக்கு மனப்பாடமான நாலு பாட்டு, கூடவே ஒரு பேச்சு. பி.பி.சி. பொறியாளர்கள் மனிதப் பேச்சை வைத்துச் சோதித்ததில் விஷயம் இருக்கிறது. வயலின் இப்படித்தான் ஒலிக்கும் என்று உறுதியாகத் தெரியாதவருக்குக்கூட, மனிதர் எப்படிப் பேசுவார் என்பது தெரியும். நான் அம்மா பேசியதைப் போனில் பதிந்து வைத்திருக்கிறேன். 'என்னடா, சாப்பிட்டியா' என்பதில் தொடங்கி இரண்டு நிமிஷம். அம்மாவுக்கு ஜலதோஷம் பிடித்த மாதிரி கேட்டால் அந்தப் பெட்டி பேஸில் உப்பியிருக்கிறது. 'ச'வும் 'ஸ'வும் சீட்டியடித்தால் ட்வீட்டர் துருத்துகிறது. இரண்டு ஜோடியை ஒப்பிடும்போது இரண்டின் சத்தமும் ஒரே அளவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு துளி உரக்கப் பாடுவதுதான் எப்போதும் நன்றாக இருப்பதாகத் தோன்றும். விற்பவர்களுக்கு இது தெரியும்.

பழையது வாங்குவதில் தப்பில்லை. கிரில்லைக் கழற்றி, வூஃபரைச் சுற்றியுள்ள வளையத்தை மெல்லத் தொட்டுப் பாருங்கள். ரப்பராக இருந்தால் வளைந்து கொடுக்கும். ஃபோமாக இருந்து வயதாகியிருந்தால் விரலில் கறுப்புப் பொடி ஒட்டும். கடற்கரை ஊர்ப் புழுக்கத்தில் ஃபோம் சீக்கிரமே நொறுங்கிவிடும். மயிலாப்பூரில் ஒரு வீட்டில் பார்த்துப் பார்த்து வாங்கி வந்த ஜோடி எனக்கு இரண்டாவது ஆடியிலேயே இரண்டு வளையமும் கிழிந்து தொங்கியது. ட்வீட்டரின் சின்னக் குமிழ் உள்ளே அமுங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் அதை அமுக்காத விரல் இல்லை. அதற்காகவே கிரில்லைக் கழற்றாமல் கேட்பது நல்லது. பின்புறக் குழாய்க்குள் பல்லி குடியிருந்ததையும் பார்த்திருக்கிறேன். கொசுவலைத் துண்டு ஒன்றை ரப்பர் பேண்டால் கட்டிவிட்டேன். பேஸ் ஒன்றும் குறையவில்லை.

ஒயருக்குப் பெரிய செலவு வேண்டாம். ரிச்சி தெருவில் மீட்டர் கணக்கில் கிடைக்கும் ஒன்றரை சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், ஹால் தூரத்துக்குப் போதும். சிவப்பிலிருந்து சிவப்புக்கு, கறுப்பிலிருந்து கறுப்புக்கு. இதில் ஒரு பக்கம் மட்டும் மாறிப்போனால் ஒரு கோன் முன்னால் வரும்போது மற்றது பின்னால் போகும். பேஸ் காணாமல் போகும். பாடுகிறவர் நடுவில் நிற்காமல் அறை முழுக்க அலைவார். சந்தேகமாக இருந்தால் ஒயரை ஆம்பிலிருந்து கழற்றி, சுவர்க் கடிகாரத்து ஒன்றரை வோல்ட் பேட்டரியின் கூட்டல் முனையைச் சிவப்பிலும் கழித்தல் முனையைக் கறுப்பிலும் ஒரு கணம் தொட்டு எடுங்கள். 'டப்' என்று வூஃபர் முன்னால் வர வேண்டும். இரண்டு பெட்டியிலும்.

கடைசியாக உயரம். ட்வீட்டர் காது மட்டத்தில் இருக்க வேண்டும். சோபாவில் உட்கார்ந்தால் காது தரையிலிருந்து மூன்றடிக்குச் சற்று மேலே. தரையில் பாய் போட்டுச் சம்மணமிட்டுக் கேட்கிறவர்களுக்கு இரண்டரை அடிக்கும் கீழே. ஆயத்தமாக விற்கிற ஸ்டாண்டு பெரும்பாலும் சோபாக்காரர்களுக்கானது. தச்சரிடம் சொன்னால் உங்கள் உயரத்துக்கு ஒரு ஜோடி அடித்துக் கொடுத்துவிடுவார். ஆடாமல் கனமாக இருந்தால் சரி. இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே எவ்வளவு தூரமோ, ஒவ்வொன்றிலிருந்தும் உங்களுக்கும் ஏறக்குறைய அவ்வளவு. பெட்டிகளை லேசாக உங்கள் பக்கம் திருப்பி வையுங்கள். ஒன்று மூலையில், மற்றது கதவோரம் என்று இருந்தால் மூலையில் இருப்பது மட்டும் முழங்கும்.

அக்கா மகன் வீட்டில் அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே ஸ்டூல்கள் திரும்பப் போய்விட்டன. "அரிசி டப்பாவை எங்கடா வைக்கிறது?" என்று அக்கா கேட்டதில் நியாயம் இருந்தது. இரண்டு வாரம் கழித்து தேக்கில் ஸ்டாண்டு வந்தது. சோபா உயரம் கணக்குப் போட்டு அடித்தது. இப்போது போனால் அவன் ஜமுக்காளத்தில் படுத்துக்கொண்டுதான் பாட்டுக் கேட்கிறான். ஷோகேஸின் இரண்டாம் தட்டில் கொலு பொம்மைகள் பழையபடி இடம் பிடித்துவிட்டன.